சர்க்கரையை எதை வைத்து அளப்பது? பிரிக்ஸ், ஃபெலிங், நொதி, ஹெச்.பி.எல்.சி.: ஓர் ஒப்பீடு

மேசையில் ஒரு பாட்டில் ஆப்பிள் ஜூஸ். அதிலிருந்து ஒரு சொட்டை ரிஃப்ராக்டோமீட்டரில் (ஒளி எவ்வளவு வளைகிறது என்று பார்க்கும் கருவி) விட்டால் 11.2 பிரிக்ஸ் காட்டுகிறது. அதையே ஃபெலிங் கரைசலோடு டைட்ரேஷன் செய்தால் 100 மி.லி.க்கு 8.7 கிராம் சர்க்கரை என்று வருகிறது. நொதி கிட் போட்டுப் பார்த்தால் குளுக்கோஸ் 2.5, ஃபிரக்டோஸ் 6.2, சுக்ரோஸ் 1.5, ஆக மொத்தம் 10.2 கிராம். ஒரே ஜூஸ், மூன்று எண்கள்.

எது சரி என்று கேட்டால், மூன்றுமே சரிதான். ரிஃப்ராக்டோமீட்டர் தண்ணீரில் கரைந்திருக்கும் எல்லாவற்றையும் சர்க்கரைக் கணக்கில் எழுதிவிடும். ஜூஸில் உள்ள மாலிக் அமிலம், சார்பிட்டால், உப்புகள் எல்லாம் அதில் சேர்த்தி. போதாக்குறைக்கு அது 100 கிராமுக்குக் கணக்குச் சொல்கிறது, மற்ற இரண்டும் 100 மி.லி.க்குச் சொல்கின்றன. ஃபெலிங் கரைசல் ஒடுக்கும் சர்க்கரைகளை, அதாவது அதிலுள்ள தாமிரத்துக்கு எலக்ட்ரான் கொடுக்கக்கூடியவற்றை, மட்டும் பார்க்கும்; சுக்ரோஸ் அதன் கண்ணில் படாது. 2.5-ஐயும் 6.2-ஐயும் கூட்டினால் அதே 8.7 வருவதைக் கவனியுங்கள். நொதி ஒவ்வொரு சர்க்கரையையும் பேர் சொல்லிக் கூப்பிட்டு எண்ணுகிறது.

உணவு ஆய்வுக்கூடத்துக்குப் புதிதாக ஒரு சர்க்கரைச் சோதனை முறை வாங்கப் போகிறவர்கள் "எது துல்லியம்?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். எந்தச் சர்க்கரை, அதோடு வேறு என்னென்ன கலந்திருக்கிறது, நாளைக்கு எத்தனை சாம்பிள் என்ற மூன்றும் தெரியாமல் அதற்குப் பதில் கிடையாது. என் கட்சியை இப்போதே சொல்லிவிடுகிறேன்: ஒரு ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டர் (கரைசல் எவ்வளவு ஒளியை உறிஞ்சுகிறது என்று அளக்கும் கருவி) ஏற்கெனவே இருக்கிறது, நாளைக்குப் பத்துப் பதினைந்து சாம்பிள், ஒன்றிலிருந்து மூன்று சர்க்கரைகள் வரை பேரோடு வேண்டும் என்றால் நொதி முறைதான். ஆனால் அதற்கும் கால் இடறும் இடம் ஒன்று உண்டு. கிட் வாங்கிய பலர் அதை வாங்கிய பிறகுதான் கண்டுபிடிக்கிறார்கள். நானும் அப்படித்தான்.

பிரிக்ஸ்: வேகத்துக்கு மட்டும்

ஒரு பிரிக்ஸ் என்றால் 100 கிராம் கரைசலில் 1 கிராம் சுக்ரோஸ். சுத்தமான சர்க்கரைத் தண்ணீருக்கு இது அப்படியே பொருந்தும். ஜூஸுக்கு ஏறக்குறையப் பொருந்தும். மது கலந்த பானத்துக்குப் பொருந்தவே பொருந்தாது, ஏனென்றால் ஆல்கஹாலும் ஒளிவிலகலை மாற்றும். உற்பத்தி வரிசையில் நின்றுகொண்டு, நேற்றுப் போட்ட அதே சிரப்தானா இன்றும் வருகிறது என்று பத்து விநாடியில் தெரிந்துகொள்ள இதைவிட நல்ல கருவி இல்லை. லேபிளில் 'சர்க்கரை' என்ற வரியில் பிரிக்ஸ் எண்ணை எழுதுவது மட்டும் தப்பு.

ஃபெலிங்: வயசானாலும் வேலை செய்கிறது

ஹெர்மன் ஃபெலிங் இந்தக் கரைசலைக் கொண்டுவந்தது 1849-ல். லேன், ஐனான் இருவரும் அதை ஒழுங்கான டைட்ரேஷனாக்கியது 1923-ல். நூறு ஆண்டு தாண்டியும் இன்னும் ஆய்வுக்கூடங்களில் அடுப்பேறுகிறது என்றால் காரணம் இருக்கிறது: பியூரெட், கூம்புக் குடுவை, சூடாக்க ஓர் அடுப்பு, தாமிர சல்பேட், காரத்தில் கரைத்த சோடியம் பொட்டாசியம் டார்ட்ரேட், மெத்திலீன் நீலம் போதும். மின்னணுக் கருவி எதுவும் வேண்டாம்.

ஆனால் கை பழக வேண்டும். கொதித்துக்கொண்டிருக்கும் நீலக் கரைசலில் சாம்பிளைச் சொட்டுச் சொட்டாக விட்டு, மெத்திலீன் நீலம் மறைந்து செங்கல் நிறம் மட்டும் மிஞ்சும் அந்தச் சொட்டைப் பிடிக்க வேண்டும். கொதி தொடங்கி மூன்று நிமிஷத்துக்குள் முடிக்க வேண்டும். நடுவில் கொதி நின்றால் காற்றில் உள்ள ஆக்சிஜன் உள்ளே புகுந்து நீலம் திரும்பிவிடும். பழகியவர் கையில் அடுத்தடுத்த இரண்டு டைட்ரேஷன்கள் 0.1 மி.லி.க்குள் நிற்கும். புதியவர் கையில் நிற்காது.

இதன் உண்மையான குறை வேறு இடத்தில் இருக்கிறது. குளுக்கோஸ், ஃபிரக்டோஸ், லாக்டோஸ், மால்டோஸ் எல்லாம் தாமிரத்தை ஒடுக்கும், ஆனால் கிராமுக்குக் கிராம் ஒரே அளவில் அல்ல. எனவே கலவை தெரியாத பொருளில் வரும் எண், "குளுக்கோஸ் என்று வைத்துக்கொண்டால் இவ்வளவு" என்ற அர்த்தத்தில் மட்டுமே சரி. குளுக்கோஸ் சிரப் சேர்த்த தின்பண்டத்தில் டெக்ஸ்ட்ரின்களின் (பாதி உடைந்த ஸ்டார்ச் துண்டுகளின்) ஒடுக்கும் முனைகளும் கணக்கில் ஏறும். சுக்ரோஸ் வேண்டுமென்றால் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் பிளந்துவிட்டு மறுபடி டைட்ரேட் செய்து, வித்தியாசத்தை 0.95-ஆல் பெருக்க வேண்டும். அந்த அமிலம் சுக்ரோஸை மட்டும் பிளக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

டி.என்.எஸ். (டைநைட்ரோசாலிசிலிக் அமிலம்) முறையைப் பற்றியும் கேட்பார்கள். கல்லூரி ஆய்வுகளில் 1959-க்குப் பிறகு பரவலாகிவிட்ட நிறமானி முறை அது. நொதி ஆராய்ச்சியில், ஒரே சர்க்கரை உருவாகும் வேகத்தைப் பார்க்க நல்லது. உணவில் உள்ள கலவைக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். ஃபெலிங்கின் குறைகள் எல்லாம் அதற்கும் உண்டு, ஃபெலிங்குக்கு இருக்கும் நூறு வருஷத் திருத்த அட்டவணைகள் மட்டும் இல்லை.

நொதி முறை: கூர்ந்து பார்க்க வேண்டிய இடம்

நொதி கிட் என்று ஒரே பேரில் விற்கப்படுவதற்குள் இரண்டு வேறு வேறு வேதியியல் இருக்கிறது. வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

முதல் வகை ஹெக்ஸோகைனேஸ். இந்த நொதி ஏ.டி.பி.யிலிருந்து ஒரு பாஸ்பேட்டை எடுத்துக் குளுக்கோஸின் ஆறாவது கார்பனில் ஒட்டுகிறது. அப்புறம் குளுக்கோஸ்-6-பாஸ்பேட் டிஹைட்ரஜனேஸ் என்ற இரண்டாவது நொதி அதை ஆக்சிஜனேற்றம் செய்யும்போது, ஒரு குளுக்கோஸ் மூலக்கூறுக்கு ஒரு என்.ஏ.டி.பி.எச். மூலக்கூறு பிறக்கிறது. அது 340 நானோமீட்டர் ஒளியை உறிஞ்சும். அதற்கு முந்தைய வடிவமான என்.ஏ.டி.பி. உறிஞ்சாது. ஓட்டோ வார்பர்க் 1930-களில் கண்டுபிடித்த இந்த ஒரு வித்தியாசத்தின் மேல்தான் மொத்தக் கட்டடமும் நிற்கிறது.

ஹெக்ஸோகைனேஸ் ஒன்றும் அவ்வளவு கறாரான நொதி இல்லை. ஃபிரக்டோஸ், மேனோஸ் போன்ற வேறு சில ஹெக்ஸோஸ்களுக்கும் (ஆறு கார்பன் சர்க்கரைகளுக்கும்) பாஸ்பேட் ஒட்டிவிடும். கறார் முழுக்க இரண்டாவது நொதியிடம். குளுக்கோஸ்-6-பாஸ்பேட்டைத் தவிர வேறு எதையும் அது உள்ளே விடாது. இதனால் ஓர் அழகான வசதி கிடைக்கிறது: குளுக்கோஸ் முடிந்த அதே குவெட்டில் (கருவிக்குள் வைக்கும், ஒளி புகும் சின்னக் கலத்தில்) பாஸ்போகுளுக்கோஸ் ஐசோமரேஸைச் சேர்த்தால், காத்துக்கொண்டிருந்த ஃபிரக்டோஸ்-6-பாஸ்பேட் குளுக்கோஸ்-6-பாஸ்பேட்டாக மாறி உள்ளே வரும். ஒரே குவெட்டில் இரண்டு சர்க்கரைகள், இரண்டு படிகளாக.

நம்முடைய ஜூஸையே பார்ப்போம். 1 மி.லி.யை 100 மி.லி.க்கு நீர்த்து, அதில் 0.1 மி.லி. குவெட்டுக்குள் போகிறது, நொதியும் சேர்த்து மொத்தக் கொள்ளளவு 3.02 மி.லி. நொதி சேர்க்கும் முன் உறிஞ்சல் 0.112. பதினைந்து நிமிஷம் கழித்து 0.402. ஏற்றம் 0.290. என்.ஏ.டி.பி.எச்.சின் உறிஞ்சல் குணகம் 6.3, குளுக்கோஸின் மூலக்கூறு எடை 180.16 என்று போட்டால், ஒரு யூனிட் ஏற்றத்துக்கு லிட்டருக்கு 0.8636 கிராம் வரும். 0.290-ஐ அதால் பெருக்கினால் 0.250; நூறு மடங்கு நீர்த்தது என்பதால் லிட்டருக்கு 25 கிராம். இப்போது ஐசோமரேஸ் 0.02 மி.லி. சேர்க்கிறோம். உறிஞ்சல் 1.115-க்கு ஏறி நிற்கிறது. ஏற்றம் 0.713, கொள்ளளவு கூடியதால் பெருக்கும் எண் 0.8693 ஆகிறது. ஃபிரக்டோஸ் லிட்டருக்கு 62 கிராம். (சாம்பிள் சேர்க்காத வெற்றுக் குவெட்டின் ஏற்றத்தையும் கழிக்க வேண்டும், இங்கே கழித்தாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.)

இந்தக் கணக்கில் அளவுக்கோடு (அளவு தெரிந்த கரைசல்களைப் படித்து வரையும் ஒப்பீட்டுக் கோடு) எங்கும் வரவில்லை, கவனித்தீர்களா? குணகம் இயற்பியல் மாறிலி. குளுக்கோஸ் முழுவதும் தீரும்வரை காத்திருப்பதால் நொதி கொஞ்சம் வலுக் குறைந்திருந்தாலும், அறை வெப்பம் இரண்டு டிகிரி கூடக் குறைய இருந்தாலும் எண் மாறாது, காத்திருக்கும் நேரம்தான் மாறும். பிப்பெட் மட்டும் சரியாக இருக்க வேண்டும். 0.1 மி.லி.யில் 1 மைக்ரோலிட்டர் தவறினால் விடையில் 1 சதவீதம் போய்விடும்.

இரண்டாவது வகை, குளுக்கோஸ் ஆக்சிடேஸும் பெராக்சிடேஸும் சேர்ந்தது. ஆக்சிடேஸ் குளுக்கோஸை ஆக்சிஜனேற்றி ஹைட்ரஜன் பெராக்சைடு உண்டாக்கும். பெராக்சிடேஸ் அதைக்கொண்டு இளஞ்சிவப்புச் சாயம் உண்டாக்கும். 510 நானோமீட்டரில் படித்தால் போதும் என்பதால் சாதாரண நிறமானியே வேலையை முடிக்கும். ரசாயனம் எளிது, சாம்பிளுக்கு ஆகும் செலவும் குறைவு. ஸ்டார்ச்சைக் குளுக்கோஸாக உடைத்து அளக்கும் வேலைக்கு இதுதான் வழக்கமான தேர்வு, அதில் தப்பே இல்லை.

பழச்சாறு, பானம் என்று வந்தால் நான் இதைத் தவிர்ப்பேன். வைட்டமின் சி அந்தப் பெராக்சைடைச் சாயமாவதற்கு முன்பே தின்றுவிடும். வைட்டமின் சேர்த்த பானத்தில் குளுக்கோஸ் குறைவாகக் காட்டுவதற்கு அதுவே போதும். பாலிஃபீனால்களும் அதே வேலையைச் செய்யும். சாறு சிவப்பாக இருந்தால் அதன் சொந்த நிறமே 510-ல் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஃபிரக்டோஸை இந்த ஜோடி பார்க்காது. ஹெக்ஸோகைனேஸ் பாதையில் பெராக்சைடே இல்லாததால் இந்தத் தொல்லைகள் பெரும்பாலும் இல்லை. சாறின் நிறம் தொடக்க அளவிலேயே கழிந்துவிடும். ரொம்பக் கருப்பாக இருந்தால் நிறப்பொருள்களை ஒட்டி இழுக்கும் பி.வி.பி.பி. தூளைக் கொஞ்சம் கலக்கி வடிகட்டினால் சரியாகும்.

340-ல் படிக்கக் குவார்ட்ஸ் குவெட் வேண்டும் என்று சிலர் பயப்படுகிறார்கள். வேண்டாம், கண்ணாடியே போதும். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் பாலிஸ்டைரீன் குவெட்டும் ஓடும்.

இனி, கால் இடறும் இடம். நொதி முறையில் சுக்ரோஸை நேரடியாக யாரும் அளப்பதில்லை. இன்னொரு குவெட்டில், பி.ஹெச். 4.6-ல், இன்வர்டேஸ் நொதியால் சுக்ரோஸைப் பிளக்கிறோம். பிளந்த பிறகு கிடைக்கும் குளுக்கோஸிலிருந்து ஏற்கெனவே இருந்த குளுக்கோஸைக் கழிக்கிறோம். மிஞ்சுவது சுக்ரோஸின் பங்கு. கழித்தல் என்ற சொல் வந்ததுமே காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும்.

ஜூஸில் குளுக்கோஸ் 2.5. சுக்ரோஸ் 1.5-லிருந்து வரும் குளுக்கோஸ் 0.79. ஆக, முதல் குவெட் 2.5 சொல்லும், இரண்டாவது 3.29 சொல்லும். ஒவ்வொன்றிலும் 2 சதவீதம் பிழை என்றால், முதலில் 0.05, இரண்டாவதில் 0.066. இரண்டும் சேர்ந்து வித்தியாசத்தில் 0.083 ஆகும். 0.79-ல் அது 10 சதவீதத்துக்கும் மேல்! குளுக்கோஸில் 2 சதவீதம் பிழையோடு அளக்கும் அதே கை, சுக்ரோஸில் 10 சதவீதம் தவறுகிறது. கிட்டின் தவறும் இல்லை, கையின் தவறும் இல்லை, கழித்தலின் விலை இது.

எனக்கு ஒருமுறை சுக்ரோஸ் மைனஸில் வந்தது. குளுக்கோஸ் ஏராளம், சுக்ரோஸ் சொற்பம் என்றிருந்த பானம். இரண்டு குவெட்டுக்கும் வேறு வேறு பிப்பெட்டைப் பயன்படுத்தியிருந்தேன், அவ்வளவுதான் காரணம். கழித்தல் முறைக்கு ஒரே பிப்பெட், ஒரே ஆள், ஒரே வேளை என்று அன்றைக்கு எழுதி ஒட்டியது இன்னும் சுவரில் இருக்கிறது. சுக்ரோஸைப் போலப் பத்து மடங்கு குளுக்கோஸ் இருந்தால் அதுகூடப் போதாது. குளுக்கோஸ் ஆக்சிடேஸையும் கேட்டலேஸையும் போட்டுக் குளுக்கோஸை முதலில் தீர்த்துக்கட்டிவிட்டு, அப்புறம் சுக்ரோஸைப் பிளக்க வேண்டும்.

இந்தச் சிக்கலின் உச்சம் லாக்டோஸ் நீக்கிய பால். சாதாரணப் பாலில் 100 கிராமுக்குச் சுமார் 4.7 கிராம் லாக்டோஸ். அதை பீட்டா-கேலக்டோசிடேஸால் பிளந்து கேலக்டோஸை கேலக்டோஸ் டிஹைட்ரஜனேஸால் அளப்பது சுலபம், சோதனை முறைகளை அங்கீகரிக்கும் ஏ.ஓ.ஏ.சி. அமைப்பின் 984.15 அந்த முறைதான். லாக்டோஸ் நீக்கிய பாலில் அந்தப் பிளக்கும் வேலையைத் தொழிற்சாலையே செய்து முடித்திருக்கும். 100 மி.லி.யில் குளுக்கோஸ் 2.4 கிராம் அளவுக்கு ஏற்கெனவே மிதந்துகொண்டிருக்கும், கேலக்டோஸும் அப்படியே. நாம் தேடுவதோ 0.01 கிராம் லாக்டோஸ். அதிலிருந்து வரும் குளுக்கோஸ் 0.005 கிராம். 2.4-ல் 2 சதவீதப் பிழையே 0.048 ஆகிவிடுகிறது. தேடும் பொருளைவிட ஒன்பது மடங்கு பெரிய பிழை.

இன்னொரு சிக்கலும் உண்டு. பிளக்கும்போது பீட்டா-கேலக்டோசிடேஸ் சில கேலக்டோஸ்களைத் தண்ணீரிடம் கொடுக்காமல் இன்னொரு சர்க்கரையோடு ஒட்டி, கேலக்டோ-ஆலிகோசாக்கரைடுகளை உண்டாக்கிவிடுகிறது. ஆய்வுக்கூடத்தில் நாம் சேர்க்கும் பீட்டா-கேலக்டோசிடேஸ் அவற்றையும் ஓரளவு பிளந்து லாக்டோஸ் கணக்கில் எழுதும். எனவே இந்தப் பாலுக்குச் சாதாரண லாக்டோஸ் கிட் ஆகாது. குளுக்கோஸை முன்கூட்டியே நீக்கும், லாக்டோஸின் மேல் அதிகப் பற்றுள்ள நொதியைக் கொண்ட தனி கிட் வேண்டும், அல்லது கீழே சொல்லும் அயனிப் பரிமாற்ற முறை வேண்டும்.

மால்டோஸிலும் ஒரு கண்ணி. அதைப் பிளக்கும் ஆல்ஃபா-குளுக்கோசிடேஸ் சுக்ரோஸையும் பிளக்கும். இரண்டும் இருக்கும் பொருளில் சுக்ரோஸைத் தனியாக அளந்து அதையும் கழிக்க வேண்டும். கழித்தலின் மேல் கழித்தல்.

சாம்பிள் தயாரிப்பு இதற்கு அடுத்த கவலை. ஜூஸ், ஒயின் என்றால் நீர்த்தாலே போதும். கேஸ் பானத்தை நன்றாகக் கலக்கி, கார்பன் டை ஆக்சைடு முழுக்கப் போன பிறகே பிப்பெட்டில் எடுக்க வேண்டும், இல்லையென்றால் 0.1 மி.லி.யில் பாதி குமிழி. பால், சாக்லேட், பிஸ்கட் என்றால் கேரெஸ் கரைசல்கள்: பொட்டாசியம் ஹெக்ஸாசயனோஃபெரேட், பிறகு துத்தநாக சல்பேட், பிறகு கொஞ்சம் காரம். புரதமும் கொழுப்பும் தயிர் திரிந்தது போலக் கீழே இறங்கிவிடும், மேலே தெளிந்த நீர் நிற்கும். புரதத்தை நீக்கப் பெர்குளோரிக் அமிலம் போடும் பழக்கம் உள்ளவர்கள் சுக்ரோஸ் அளக்கும்போது அதைத் தொடாமல் இருப்பது நல்லது. அந்த அமிலமே சுக்ரோஸைப் பிளக்கத் தொடங்கும்.

தேனுக்கு ஒரு வார்த்தை. சூடுபடுத்தாத தேனில் இன்வர்டேஸ் உயிரோடு இருக்கும். காலையில் நீர்த்து வைத்த தேனில் சாயங்காலம் மறுபடி சுக்ரோஸ் பார்த்தால் குறைந்திருக்கும். இரண்டு நாள் இதோடு மல்லுக்கட்டிவிட்டுத்தான் எனக்கு உறைத்தது: பாட்டிலுக்குள் இருந்த நொதி என் வேலையை எனக்கு முன்னாலேயே செய்துகொண்டிருந்தது. நீர்த்தவுடன் சூடாக்கி நொதியைச் செயலிழக்கச் செய்துவிட வேண்டும், அல்லது உடனே அளந்துவிட வேண்டும்.

இவ்வளவு குறை சொன்ன பிறகும் நான் ஏன் நொதிப் பக்கம் நிற்கிறேன்? தன்னைத் தானே சோதித்துக்கொள்ளும் வசதி வேறு எந்த முறையிலும் இவ்வளவு சுலபம் இல்லை. சந்தேகமாக இருந்தால் அதே சாம்பிளில் இரண்டு மடங்கு எடுத்து இன்னொரு குவெட் போடுங்கள். ஏற்றமும் இரண்டு மடங்காக வேண்டும். வராவிட்டால் ஏதோ ஒன்று குறுக்கே நிற்கிறது. வினை முடிந்த குவெட்டில் அளவு தெரிந்த குளுக்கோஸை ஒரு துளி விடுங்கள். எதிர்பார்த்த அளவு ஏறினால் நொதிக்கு உயிர் இருக்கிறது, சாம்பிள் அதை முடக்கவில்லை. பதினைந்து நிமிஷம் ஆகியும் உறிஞ்சல் நிற்காமல் ஊர்ந்துகொண்டே இருந்தால், அந்தச் சீரான ஊர்தலை நொதி சேர்த்த நேரத்துக்குப் பின்னோக்கி நீட்டிக் கழித்துவிடலாம். ஹெச்.பி.எல்.சி.யில் (சர்க்கரைகளைக் குழாயில் ஓடவிட்டுப் பிரித்து, ஒவ்வொன்றையும் வரைபடத்தில் ஒரு மேடாக, அதாவது பீக்காக, காட்டும் திரவ நிறப்பிரிகை முறையில்) ஒரு பீக்குக்குக் கீழே இன்னொன்று ஒளிந்திருந்தால் இவ்வளவு சீக்கிரம் தெரியாது.

ஹெச்.பி.எல்.சி.: பட்டியல் நீளமானால்

ஃபிரக்டோஸ், குளுக்கோஸ், சுக்ரோஸ், மால்டோஸ், லாக்டோஸ் ஐந்தும் ஒரே ஊசியில், அரை மணிக்குள். அமினோ காலம் (column, சர்க்கரைகளைப் பிரிக்கும் குழாய்), அசிட்டோநைட்ரைலும் தண்ணீரும், ஒளிவிலகல் டிடெக்டர். ஆட்டோசாம்ப்ளர் இருந்தால் ராத்திரி முழுக்கத் தானாக ஓடும். ஐந்து சர்க்கரைகளுக்கு நொதி கிட் போட்டால் எத்தனை குவெட், எத்தனை கழித்தல் என்று எண்ணிப் பாருங்கள். இதன் அருமை புரியும். சுக்ரோஸுக்குத் தனி பீக் இருப்பதால் கழித்தலே இல்லை.

கஷ்டங்களும் உண்டு. ஒளிவிலகல் டிடெக்டர் வெப்பத்துக்கு ரொம்பத் தொட்டாச்சிணுங்கி. காலையில் போட்டால் அடிக்கோடு அடங்கவே நேரம் எடுக்கும். ஓட்டத்தின் நடுவில் கரைப்பான் விகிதத்தை மாற்ற முடியாது. உப்பு அதிகமுள்ள உணவில் உப்பே ஒரு பீக்காக வந்து குழப்பும். ஒடுக்கும் சர்க்கரைகள் அமினோ தொகுதிகளோடு வினைபுரிவதால் காலம் மெல்ல மெல்லத் தேயும். தண்ணீரை மட்டும் வைத்து 80 டிகிரியில் ஓடும் உலோக அயனிக் காலங்கள் அசிட்டோநைட்ரைல் செலவை மிச்சப்படுத்தும். ஆனால் அமில வடிவக் காலத்தை அந்தச் சூட்டில் ஓட்டினால் சுக்ரோஸின் ஒரு பகுதி காலத்துக்குள்ளேயே உடைந்துவிடும்.

இதன் மேல்படி, காரக் கரைசலில் சர்க்கரைகளை எதிர்மின் அயனிகளாக்கிப் பிரித்து, தங்க மின்முனையில் துடிப்பு மின்னோட்டத்தால் அளக்கும் அயனிப் பரிமாற்ற முறை. மிகக் குறைந்த அளவையும் பிடிக்கும், லாக்டோஸையும் அதன் ஒன்றுவிட்ட சகோதரர்களையும் பிரித்துக் காட்டும். அதை முழுநேரமாகக் கவனிக்கத் தெரிந்த ஓர் ஆள் வேண்டும்.

நொதி கிட்டுக்கும் ஹெச்.பி.எல்.சி.க்கும் நடுவில், நொதியைச் சவ்வில் பதித்த மின்முனைக் கருவிகள் இருக்கின்றன. 1962-ல் கிளார்க்கும் லயன்ஸும் சொன்ன யோசனை, 1975-ல் கடைக்கு வந்தது. குளுக்கோஸை ஒரு நிமிஷத்தில் சொல்லும்; வேறு சவ்வு போட்டால் சுக்ரோஸ், லாக்டோஸும் பார்க்கலாம். நொதித்தல் நடக்கும் கலனுக்குப் பக்கத்தில் நின்று அரை மணிக்கு ஒருமுறை குளுக்கோஸ் பார்ப்பவருக்கு இது வரப்பிரசாதம்.

ரத்தச் சர்க்கரை பார்க்கும் வீட்டு மீட்டரில் ஜூஸை விட்டுப் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். அது ரத்தத்துக்காகத் திருத்தப்பட்ட கருவி. ஃபிரக்டோஸும் சுக்ரோஸும் அதற்குத் தெரியாது, சில வகைப் பட்டைகள் மால்டோஸைக் குளுக்கோஸ் என்றே எண்ணிவிடும். விளையாட்டுக்குச் சரி.

எந்த வேலைக்கு எது

ஒயினிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அங்கேதான் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி, லிட்டருக்கு 4 கிராமுக்குள் சர்க்கரை இருந்தால் 'ட்ரை' ஒயின். அமிலம் கூடுதலாக இருந்தால் 9 வரை அனுமதி. பிரிக்ஸ் இங்கே ஆல்கஹாலால் கெட்டுப்போகும். ஃபெலிங், ஈஸ்ட் தொடாத அராபினோஸ், சைலோஸையும் சேர்த்து எண்ணி ஒரு கிராம் அளவுக்குக் கூடுதலாகச் சொல்லும். 4 கிராம் எல்லையில் அந்த ஒரு கிராம் பெரிய விஷயம். ஈஸ்ட் குளுக்கோஸை முதலில் தின்று ஃபிரக்டோஸைக் கடைசிக்கு வைப்பதால், குளுக்கோஸை மட்டும் பார்த்தால் நொதித்தல் முடிந்துவிட்டது போலத் தோன்றும். ஹெக்ஸோகைனேஸ் கிட்டில் குளுக்கோஸையும் ஃபிரக்டோஸையும் சேர்த்துப் படிப்பதுதான் வழி. ஏ.ஓ.ஏ.சி. 985.09-ம் அதையே சொல்கிறது.

வறுக்கப் போகும் உருளைக்கிழங்குக்கும் அதே கிட். வறுவலில் அக்ரிலமைடு உண்டாவது 2002-ல் ஸ்வீடனில் வெளிவந்ததிலிருந்து, கிழங்கின் குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் எவ்வளவு என்று பார்ப்பது வழக்கமாகிவிட்டது. அளவு குறைவு, வேண்டியது இரண்டு சர்க்கரைகள், கழித்தல் கிடையாது.

பூக்களிலிருந்து வரும் தேனில் கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தரம் கேட்பது ஃபிரக்டோஸும் குளுக்கோஸும் சேர்ந்து 100 கிராமுக்கு 60 கிராமுக்குக் குறையாமல், சுக்ரோஸ் பொதுவாக 5 கிராமுக்கு மிகாமல். முதல் பாதிக்கு நொதி அருமை. இரண்டாவது பாதியில், மேலே சொன்ன கழித்தல் தொல்லை முழு உருவத்தில் வந்து நிற்கும். ஹெச்.பி.எல்.சி. இருந்தால் தேனை அதில்தான் போடுவேன். தேனில் சர்க்கரைப்பாகு கலந்திருக்கிறதா என்று இரண்டுமே முடிவாகச் சொல்லாது. கரும்பு, மக்காச்சோளப் பாகைப் பிடிக்கக் கார்பன் ஐசோடோப் விகிதம் பார்க்க வேண்டும். 'சேர்க்கப்பட்ட சர்க்கரை' என்ற லேபிள் வரியும் இதே கதைதான். பழத்திலிருந்து வந்த சுக்ரோஸும் பையிலிருந்து கொட்டிய சுக்ரோஸும் நொதிக்கு ஒன்றுதான். அந்த வரிக்கான பதில் தயாரிப்புக் குறிப்பேட்டில் இருக்கிறது.

மில்க் சாக்லேட், மால்ட் சேர்த்த காலை உணவு, பால் பிஸ்கட் போன்றவற்றுக்கு ஊட்டச்சத்து லேபிள் போட வேண்டுமா? யோசிக்காமல் ஹெச்.பி.எல்.சி. மாதத்துக்கு இரண்டு சாம்பிள்தான் என்றால் எதையும் வாங்காதீர்கள். கரைத்த நொதிகள் சில வாரங்களில் வீணாகிவிடும், வெளியே கொடுத்துப் பார்ப்பதே மலிவு.

கடைசியாக, கிட்டை 96 குழித் தட்டில் ஓட்டி ரசாயனத்தை மிச்சம் பிடிக்கலாம் என்று விற்பனையாளர் சொல்வார். நிஜம்தான், பத்தில் ஒரு பங்கு போதும். ஆனால் குழியில் ஒளி செல்லும் பாதை 1 சென்டிமீட்டர் இல்லை, ஊற்றும் அளவைப் பொறுத்து மாறும். அதனால் 0.8636 போன்ற எண்கள் அங்கே செல்லாது. ஒவ்வொரு தட்டிலும் அளவு தெரிந்த குளுக்கோஸ் கரைசலுக்கு நாலைந்து குழிகளை ஒதுக்கி, அன்றன்றைக்கு அளவுக்கோடு வரைந்துகொள்ள வேண்டும்.